விழாமல் ஆடும் உடல்: நாட்டுப்புற ஆட்டக்காரர்களின் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரகாட்டம், பொய்க்கால் குதிரை, ராஜஸ்தானின் பவாய், கிரேக்க வட்ட ஆட்டங்கள், அயர்லாந்தின் ஸ்டெப் டான்ஸ் என்று எதைப் பார்த்தாலும் பார்க்கிறவர் மனதில் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: இவர்கள் எப்படி விழாமல் ஆடுகிறார்கள்? ஆடப் பழகுகிறவர்கள், பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள், ஆடி ஆடிக் கால் நோகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சமநிலை என்றால் அசையாமல் நிற்பதுதானே?

இல்லை. இந்த ஓர் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இப்போதே எழுந்து நின்று பாருங்கள். பாதங்களை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, உள்ளங்காலை மட்டும் கவனியுங்கள். எடை ஒரு கணம் குதிகாலுக்குப் போகும். அடுத்த கணம் பெருவிரலுக்கு வரும். பிறகு சுண்டுவிரல் ஓரத்துக்கு நகரும். சும்மா நிற்பதாக நாம் நினைக்கிற நேரமெல்லாம் உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே இருக்கிறது, கெண்டைக்கால் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன.

நேராக நிற்கும் மனிதனின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, மொத்த உயரத்தில் சுமார் 55 சதவீத மட்டத்தில் இருக்கிறது. அந்த மையத்திலிருந்து நேர்க்கீழே ஒரு தூக்குக்குண்டு விட்டால், அது பாதங்களுக்கு உட்பட்ட இடத்துக்குள் இருக்கும்வரை விழாமல் நிற்கலாம். வெளியே போனால் கால் மாற்றி வைக்க வேண்டும், அல்லது விழ வேண்டும். ஆட்டம் என்பது அந்தக் குண்டை வேண்டுமென்றே எல்லைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது. நல்ல ஆட்டக்காரரும் சாயத்தான் செய்கிறார். ஆனால் சாய்வை மற்றவர்களுக்கு முன்பாகவே உணர்ந்து, சின்னதாகத் திருத்திவிடுகிறார். பார்க்கிற நமக்கு அந்தத் திருத்தம் கண்ணில் படுவதில்லை, அதனால் அசையவே இல்லை என்று நினைக்கிறோம்.

சாய்வைத் திருத்த உடலுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பொதுவாக மூன்று. சின்னச் சாய்வு என்றால் கணுக்கால் போதும், உடல் முழுவதும் ஒரே கம்பு போல முன்னும் பின்னும் அசைந்து சரியாகிவிடும். சாய்வு பெரிதானால், அல்லது நிற்கும் இடம் குறுகலானால், இடுப்பு மடங்கும்: மேலுடம்பு ஒரு பக்கம் போக, இடுப்பு மறுபக்கம் போகும். அதுவும் போதாவிட்டால் ஓர் அடி எடுத்து வைப்போம். இவை நாம் யோசித்துச் செய்பவை அல்ல. தரை திடீரென்று நகர்ந்தால் சுமார் 100 மில்லி நொடியில், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கில், கால் தசைகள் பதில் சொல்லிவிடுகின்றன. "ஐயோ, விழப்போகிறேன்" என்று மனம் நினைப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

உடல் தன் நிலையை எதை வைத்து அறிகிறது?

கண், உட்செவி, பிறகு தொடுவுணர்வும் மூட்டுணர்வும். உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை சொல்லும். அவற்றுக்குப் பக்கத்திலேயே உள்ள இரண்டு சிறு பைகள், தலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் வேகமெடுக்கிறது என்று சொல்லும். உள்ளங்கால் தோல் அழுத்தத்தைச் சொல்லும். தசைக்குள் இருக்கும் உணர்விகள், எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்ல முடிவது இதனால்தான்.

இந்த மூன்றுக்கும் மூளை எப்போதும் ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. வெளிச்சமான இடத்தில், கெட்டியான தரையில் நிற்கும் நலமான ஒருவர் ஏறத்தாழ 70 சதவீதம் கால் உணர்வையும், 20 சதவீதம் உட்செவியையும், 10 சதவீதம் கண்ணையும் நம்புகிறார் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மெத்தை மேலோ மணலிலோ நின்றால் கால் சொல்வதை நம்ப முடியாது, அப்போது உட்செவிக்கும் கண்ணுக்கும் பங்கு கூடும். இருட்டில் கண்ணின் பங்கு போய்விடும். இப்படி நொடிக்கு நொடி நம்பிக்கையை மாற்றி வைக்கும் திறமைதான் ஆட்டக்காரருக்கு மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இரவில், ஒரு பக்கம் மட்டும் விளக்கு எரிய, மேடு பள்ளமான மண் தரையில், சுற்றிலும் கூட்டம் அசைய ஆடுகிறவருக்குக் கண்ணை மட்டும் நம்பிப் பயன் இல்லை.

அப்படியானால் ஆடுகிறவர்களுக்கு எல்லா விதத்திலும் சமநிலை அதிகமா?

இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஆடிப் பழகியவர்கள் ஒற்றைக் காலில் நிற்பதிலும், அசைந்த பிறகு மீண்டும் நிலைக்கு வருவதிலும் பொதுவாக மற்றவர்களைவிட மேல்தான். ஆனால் பழகிய வேலைக்கும் பழகாத வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாலே ஆடுகிறவர்களை வைத்துச் செய்த சில ஆய்வுகளில் அவர்கள் கண்ணை அதிகம் நம்பாதவர்களாகத் தெரிந்தார்கள். வேறு சில ஆய்வுகளில் கண்ணை மூடச் சொன்னதுமே அவர்களுடைய மேன்மை மறைந்துவிட்டது. கண்ணாடி முன்னால் வருடக்கணக்காகப் பழகியவருக்கு அப்படி ஆனால் அதில் ஆச்சரியமில்லை.

நாட்டுப்புற ஆட்டங்கள் பெரும்பாலும் கண்ணாடி இல்லாமல் கற்றுக்கொள்ளப்பட்டவை. முன்னே ஆடுகிறவரைப் பார்த்து, தன் காலைத் தானே உணர்ந்து கற்பது அங்கே வழி. இது ஒரு பெரிய பலம் என்பது என் கருத்து. பழக்குகிறவர்கள் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த கூடங்களைத் தேடிப் போகிறார்கள். வாரத்தில் சில நாளாவது கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆட வையுங்கள்.

தலையில் வைத்த குடம் ஏன் விழுவதில்லை?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உலகத்தில் பல இடங்களில் இந்த வகை ஆட்டம் உண்டு. பவாய் ஆடும் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பானைகளை அடுக்கிக்கொண்டு தாம்பாள விளிம்பில் நிற்பார்கள். பராகுவேயில் பாட்டில்களைத் தலையில் அடுக்கி ஆடுவார்கள். பிலிப்பீன்ஸில் எரியும் விளக்கைத் தலையிலும் புறங்கைகளிலும் வைத்து ஆடுவார்கள். தமிழில் குடக்கூத்தும் மரக்கால் ஆட்டமும் சிலப்பதிகாரம் சொல்லும் பதினோரு ஆடல்களிலேயே இருக்கின்றன.

குடம் கீழே வர இரண்டு வழி உண்டு. ஒன்று சரிவது: அதன் எடை மையம், தலையைத் தொடும் பரப்பைத் தாண்டி வெளியே போய்விடுவது. இன்னொன்று வழுக்குவது: தலை சடக்கென்று பக்கவாட்டில் போக, குடம் பழைய இடத்திலேயே நின்றுவிடுவது. ஆக ஆடுகிறவர் காக்க வேண்டியது இரண்டுதான். உச்சந்தலை கிடையாக இருக்க வேண்டும், அது சடக்கென்று நகரக் கூடாது.

அதற்கு உடம்பு என்ன செய்கிறது என்பதை ஆட்டக்காரரின் முழங்காலில் பாருங்கள். அது ஒருபோதும் முழுதாக நீட்டி விறைப்பதில்லை. கொஞ்சம் மடங்கியே இருக்கும், வண்டியின் ஸ்பிரிங் போல ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். அப்புறம் இடுப்பைப் பாருங்கள். இடுப்பு எவ்வளவு ஆடினாலும் அந்த ஆட்டம் முதுகெலும்பில் ஏறி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து, கழுத்துக்கு வரும்போது அடங்கிவிடுகிறது. கழுத்து இங்கே இறுகிப் பிடித்த கம்பமாக இருக்காது. கீழே நடப்பதற்கு எதிராக மெல்ல அசைந்து தலையைக் கிடையாக வைத்திருக்கும். புதிதாகப் பழகுகிறவர் செய்யும் முதல் தவறு கழுத்தை இறுக்குவது. இறுக்கினால் உடம்பின் ஆட்டம் அப்படியே குடத்துக்குப் போய்விடும்.

ஜார்ஜிய நாட்டுப் பெண்கள் தரையைத் தொடும் நீண்ட உடையில் ஆடும்போது சக்கரத்தில் போவது போலத் தெரிவதும் இதே முறையில்தான். அடிகள் மிகச் சிறியவை, முழங்கால் இளக்கமாக இருக்கும், தலை ஒரே மட்டத்தில் போகும்.

உயரமான, எடையுள்ள கரகம் இன்னும் கஷ்டம்தானே?

ஆச்சரியம் என்னவென்றால், உயரம் ஒரு வகையில் உதவுகிறது. ஒரு பென்சிலை விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள், முடியாது. ஒன்றரை மீட்டர் நீளக் கம்பை நிறுத்திப் பாருங்கள், கொஞ்சம் முயன்றால் நின்றுவிடும். காரணம் நேரம். 15 சென்டிமீட்டர் பென்சில் சாயத் தொடங்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அந்தச் சாய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். ஒன்றரை மீட்டர்க் கம்புக்கு அதே அளவு சாய, அதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். கண்ணால் பார்த்துக் கையை நகர்த்த நமக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். பென்சில் அந்த நேரத்தைத் தருவதில்லை, கம்பு தருகிறது.

அதே நேரம், அசையாமல் உட்காரும் பொருளுக்கு அடியில் எடை இருப்பதுதான் நல்லது. உள்ளே எடை போட்ட செம்பு தலையோடு அழுந்தி உட்காரும், வழுக்காது. ஆக அடியில் கனம், மேலே உயரம் என்ற அமைப்பு இரண்டு நன்மையையும் ஓரளவு தருகிறது. வெறும் பிளாஸ்டிக் குடத்தை வைத்துப் பழகிவிட்டு, "இதிலேயே விழுகிறதே, கனமானதை எப்படி வைப்பேன்" என்று பயப்படும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ரொம்ப இலேசான குடம்தான் அவர்களைக் கஷ்டப்படுத்துகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு கனத்தை அளவில்லாமல் ஏற்ற வேண்டாம். கழுத்து வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குக் கனம் கூடவே கூடாது.

இன்னொரு அழகான விஷயம். ஆட்டக்காரர் நின்ற இடத்திலேயே வெடுக்கென்று திரும்பும்போது குடம் கூடவே முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் பின்தங்கும். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துச் சட்டென்று திருப்பினால், மிதக்கும் இலை திரும்பாமல் இருக்குமே, அது போல. செங்குத்து அச்சில் நடக்கும் இந்த வழுக்கலால் குடம் கீழே வராது. பழகியவர்கள் இதை அறிந்தே வேகத் திருப்பங்களைப் போடுகிறார்கள்.

பொய்க்காலில் நிற்பது எப்படிச் சாத்தியம்?

உண்மையைச் சொன்னால், பொய்க்காலில் யாரும் நிற்பதில்லை. கவனித்துப் பாருங்கள், தாளம் நின்றிருக்கும் நேரத்திலும் கட்டைக்கால்கள் இலேசாக மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும்.

பாதத்தில் நிற்கும்போது குதிகாலுக்கும் விரலுக்கும் இடையே ஒரு சாண் நீளம் இருக்கிறது. கணுக்கால் தசை அந்த நீளத்துக்குள் எடையை முன்னே பின்னே தள்ளிச் சாய்வைத் திருத்துகிறது. கட்டைக்காலின் அடியில் அந்த நீளம் இல்லை. கணுக்கால் எவ்வளவு முயன்றாலும் எடை போக இடமில்லை. உள்ளங்கால் தரையைத் தொடுவதும் இல்லை. மண் ஈரமா, சரிவா என்று அது நேராகச் சொல்லாது. மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் வழி அடைபட்டுவிட்டது. மீதி இரண்டு: இடுப்பு, அடி எடுத்து வைப்பது. அதனால்தான் தொடர்ந்து மிதிக்கிறார்கள். சைக்கிள் ஓடும்போது விழாது, நிறுத்தினால் சாயும் என்று பழகுகிறவர்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். காரணம் வேறு வேறாக இருந்தாலும் உடலுக்கு அந்த உவமை புரிகிறது.

இடுப்பில் மாட்டிய குதிரைக்கூடு பாரம்தான், காலை மறைக்கவும் செய்கிறது. ஆனால் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் அந்தக் கூடு, கயிற்றில் நடப்பவரின் நீளக்கோல் போல, உடல் சட்டென்று முன்னோ பின்னோ கவிழ்வதைத் தாமதப்படுத்துகிறது. கிடைக்கிற அந்தச் சிறு நேரத்தில் ஓர் அடி வைத்துவிடலாம். கட்டையைக் காலோடு கட்டும் இறுக்கத்தை ஒவ்வொரு முறையும் இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. கட்டு தளர்ந்தால் கட்டைக்கும் கணுக்காலுக்கும் இடையே ஓர் ஆட்டம் வந்துவிடும், அந்த ஆட்டத்தைத் திருத்த எந்தத் தசையாலும் முடியாது.

சுழன்று ஆடுகிறவர்களுக்குத் தலை சுற்றாதா?

சுற்றும். ஆனால் குறைவாகச் சுற்றும், சீக்கிரம் அடங்கும்.

அரைவட்டக் குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. நாம் சுழலத் தொடங்கும்போது குழாய் நகர, திரவம் பின்தங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பை வளைக்கிறது. மூளை அதைச் "சுற்றுகிறோம்" என்று படிக்கிறது. ஒரே வேகத்தில் அரை நிமிடம் போலச் சுற்றினால் திரவமும் கூடவே ஓடி, அந்த உணர்வு தேய்ந்துவிடும். பிறகு சட்டென்று நின்றால் குழாய் நின்றுவிடும், திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். தடுப்பு எதிர்ப்பக்கம் வளையும். நின்றுவிட்டோம் என்று கண்ணும் காலும் சொல்ல, எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம் என்று காது சொல்லும். இந்தச் சண்டைதான் கிறுகிறுப்பு.

ஆட்டக்காரர்கள் இதைப் பல வழியில் சமாளிக்கிறார்கள். ஒரு வழி, உடல் திரும்பும்போது முகத்தை ஒரே இடத்தில் பதித்து வைத்து, கடைசி நேரத்தில் தலையை மட்டும் வெடுக்கென்று சுற்றி மறுபடி அதே இடத்தைப் பிடிப்பது. ஆனால் துருக்கியின் மெவ்லெவி என்ற சூஃபிப் பிரிவினரின் செமா சடங்கில் சுழல்பவர்கள் இப்படித் தலையை வெட்டுவதில்லை. இடது காலை அச்சாக ஊன்றி, வலது காலால் தள்ளி, இடப்பக்கமாகச் சீரான வேகத்தில் நெடுநேரம் சுழல்கிறார்கள். சீரான வேகம் உட்செவியை அமைதியாக்கிவிடுகிறது, பிறகு அவர்களுக்குப் பழக்கம் துணை நிற்கிறது.

அந்தப் பழக்கம் மூளையிலேயே தெரிகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 29 பாலே பெண்களையும் 20 படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் சுற்றிவிட்டு நிறுத்தினார்கள். சுற்றும் உணர்வு ஆட்டக்காரப் பெண்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. உட்செவிச் செய்தியைக் கையாளும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறியதாகவும் இருந்தது. காது அனுப்பும் குழப்பமான செய்திக்குப் பெரிய இடம் கொடுக்காமல் இருக்க அவர்கள் மூளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பாலேக்காரர்களிடம் செய்த ஆய்வுதான் இது. இருந்தாலும் சுழற்சியை நாள்தோறும் பழகும் எவருக்கும் இதன் அடிப்படை பொருந்தும்.

பழகுகிறவர்களுக்கு ஒரு சொல்: நிறுத்தத்தைப் பழகுங்கள். எல்லோரும் சுழலப் பழகுகிறார்கள், நிற்கப் பழகுவதில்லை. கடைசி இரண்டு சுற்றில் வேகத்தைக் குறைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, கண்ணை ஓர் இடத்தில் பதித்து நில்லுங்கள்.

கைகோத்து ஆடினால் விழாமல் இருப்பது சுலபமா?

ஆமாம், அதுவும் நினைப்பதைவிட அதிகமாக. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தாங்கிக்கொள்வதால் மட்டும் இல்லை. 1990களில் நடந்த ஆய்வுகளில், ஒரு விரல் நுனியால் ஒரு நிலையான பொருளை ஒரு நியூட்டனுக்கும் குறைவாக, அதாவது 100 கிராம் எடை கூட ஏற்றாமல், சும்மா தொட்டாலே உடலின் ஊசலாட்டம் பாதிக்கு மேல் குறைவது தெரிந்தது. அவ்வளவு சின்ன விசையால் உடலைத் தாங்க முடியாது. விரல் தருவது செய்தி மட்டுமே: "நீ இந்தப் பக்கம் போகிறாய்" என்று. பிறகு இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் இலேசாகத் தொட்டு நின்றபோதும் இருவருடைய ஊசலாட்டமும் குறைந்தது.

கிரேக்க, பால்கன், துருக்கி வட்ட ஆட்டங்களில் புதியவரை இரண்டு தேர்ந்தவர்களுக்கு நடுவில் நிறுத்திப் பாருங்கள். கால் தெரியாவிட்டாலும் கை வழியாக நேரமும் திசையும் வந்துவிடும். கையை இறுக்கிப் பிடித்தால் பக்கத்தவரின் பிழையும் சேர்ந்து வரும், அதனால் பிடி தளர்வாக இருக்கட்டும்.

கையை ஆட்டாமலே ஆடும் அயர்லாந்துக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கை என்பது நம் நீளக்கோல். அதை உடலோடு ஒட்டி வைத்தால் மீதி வேலை முழுவதும் கணுக்காலுக்கும் வயிற்று, முதுகுத் தசைகளுக்கும் போகிறது. அதனால் அந்த ஆட்டத்தில் கணுக்கால் வலுவும் நேரக்கணக்கும் மிகக் கூர்மையாக வேண்டும். உங்கள் ஆட்டம் எதுவாக இருந்தாலும், தெரிந்த ஓர் அடவைக் கையைக் கட்டிக்கொண்டு ஆடிப் பாருங்கள். எங்கே கையை நம்பி ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துவிடும்.

தாளத்துக்கும் சமநிலைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. அதற்கு ஒரு சின்னச் சோதனை. சுவரோரமாகப் போய், வலது தோளும் வலது பாதத்தின் வெளி ஓரமும் சுவரை ஒட்டும்படி நில்லுங்கள். இப்போது இடது காலைத் தூக்குங்கள். தூக்க முடியவில்லை அல்லவா?

இடது காலைத் தூக்க வேண்டுமானால் அதற்கு முன்பே எடை வலப்பக்கம் நகர வேண்டும். சுவர் அதைத் தடுக்கிறது. சாதாரணமாக இந்த முன்னேற்பாடு நமக்குத் தெரியாமலே நடக்கும். கையை முன்னால் தூக்கினாலும் அதற்கு ஒரு கணம் முன்பே தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும் இறுகிவிடும். உடல் அசைவுக்கு முன்னால் சமநிலை வேலை தொடங்கிவிடுகிறது.

தாளம் தருவது இந்த முன்னறிவைத்தான். அடுத்த அடி எப்போது விழும் என்று காது முன்பே சொல்லிவிட்டால், எடையை நகர்த்த உடலுக்கு நேரம் கிடைக்கிறது. மேளக்காரர் முன்னறிவிப்பு இல்லாமல் காலத்தைக் கூட்டினால் முதலில் தடுமாறுவது கால், அப்புறம்தான் முகத்தில் தெரியும். மேளமும் ஆட்டமும் சேர்ந்து பழகாமல் பதிவு செய்த பாட்டில் மட்டும் பழகுவது எனக்கு உடன்பாடு இல்லாத ஒன்று.

வெறுங்காலில் ஆடுவது நல்லதா, காலணியோடு ஆடுவதா?

உணர்வுக்கு வெறுங்கால். பாதுகாப்புக்குத் தரையைப் பொறுத்து. உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவில் தடிமனான மெத்தென்ற அடித்தட்டு வந்தால் செய்தி மங்கும். பழகிய காலணியை ஆட்ட நாளன்று மாற்றாதீர்கள். கூடத்தில் வழவழப்பான தரையில் பழகிவிட்டுப் புழுதி மண்ணில் ஆடப்போகிறவர்கள் ஒரு நாளாவது அதே மண்ணில் ஆடிப் பார்க்க வேண்டும்.

என் சமநிலை எப்படி இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். சுவர் எட்டும் தூரத்தில், ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்கிறீர்கள் என்று கண் திறந்தும் மூடியும் எண்ணுங்கள். கண்ணை மூடியதும் நேரம் வெகுவாகக் குறையும், அது எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டு காலுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்று மறுகாலை முன்னும், பின்பக்கமாக இரு ஓரங்களுக்கும் எட்டும்வரை நீட்டி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளக்கலாம். ஆய்வகங்களில் விசைத்தட்டு மேல் நிற்க வைத்து, பாதத்தின் அழுத்த மையம் எவ்வளவு அலைகிறது என்று அளப்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த அளவைகள் பலவும் நிற்பதைத்தான் அளக்கின்றன. ஆட்டக்காரரின் திறமை மீள்வதில் இருக்கிறது. ஒரு குதி குதித்து ஒற்றைக் காலில் இறங்கி, எத்தனை நேரத்தில் அசைவு அடங்குகிறது என்று பாருங்கள். அது உங்கள் ஆட்டத்துக்கு நெருக்கமான அளவு.

எப்படிப் பழகினால் சமநிலை கூடும்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். முதலில் நிற்கும் இடத்தைக் குறுக்குங்கள்: இரு காலிலிருந்து, ஒரு காலுக்குப் பின் ஒரு கால் வைத்து, பிறகு ஒற்றைக் காலுக்கு. அது 30 நொடி சுலபமானதும் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். அப்புறம் கண்ணை மூடுங்கள். அப்புறம் மெத்தென்ற பாய் மேல் நில்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் உடல் கற்றுக்கொள்ளாது, பயம்தான் கற்றுக்கொள்ளும்.

பிறகு முக்கியமான பாகம்: விழப் பழகுவது. கூட்டாளி ஒருவர் இலேசாகத் தோளைத் தள்ள, நீங்கள் ஓர் அடி வைத்து ஆட்டத்துக்குள் திரும்புங்கள். தள்ளும் திசையை முன்கூட்டிச் சொல்லாமல் மாற்ற வேண்டும். மேடையில் தடுமாறியதைக்கூட ஓர் அடவு போல ஆக்கிவிடும் மூத்த ஆட்டக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தடுமாற்றத்தை ஆயிரம் முறை சந்தித்தவர்கள். புதியதைப் பழக, உடல் களைக்காத தொடக்க நேரமே நல்லது.

கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. ஏன்?

பாதம் உட்பக்கம் மடங்கிக் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுவதுதான் வழக்கமான சுளுக்கு. வீக்கம் வற்றி வலி போனதும் ஆடப் போய்விடுகிறோம். ஆனால் கணுக்கால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் உணர்வும், அதைக் காக்கும் தசைகளின் வேகமும் அத்தனை சீக்கிரம் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் அதே கால் மறுபடி பிசகும். நானும் இப்படி ஒரே காலை இரண்டு முறை பிசகிக்கொண்டவன்தான். இரண்டாவது முறை வலி போன பிறகும் சில வாரம் தினமும் ஒற்றைக் காலில் நிற்பதையும் ஆடும் பலகையில் நிற்பதையும் விடாமல் செய்தேன், அப்புறம்தான் காலை நம்ப முடிந்தது. இந்தப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பது நன்றாகவே நிறுவப்பட்டது. காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, எலும்பின் மேல் அழுத்தினால் கடுமையாக வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

விடிய விடிய ஆடும்போது களைப்புக்குக் கொஞ்சம் மது போட்டால் நடுக்கம் குறைகிறது என்கிறார்களே?

குறைவது பயம், கூடுவது ஆபத்து. மது சிறுமூளையை மந்தமாக்கும். உட்செவியின் மெல்லிய தடுப்புக்குள் அது திரவத்தைவிட முதலில் ஏறி, தடுப்பை இலேசாக்கிவிடும். அதனால் தலையைச் சாய்த்தாலே சுற்றுவது போலத் தோன்றும். களைத்த தசை ஏற்கெனவே தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதையும் சேர்த்தால், கட்டைக்காலிலோ தாம்பாள விளிம்பிலோ இருப்பவருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு ஒன்றுமில்லை. ஆட்களை முறை மாற்றி இறக்குங்கள், தண்ணீர் கொடுங்கள், கடினமான உருப்படியை இரவின் முற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

வயதானவர்கள் ஆடலாமா? விழுந்துவிட மாட்டார்களா?

ஆடலாம், ஆடுவது விழாமல் இருக்கவே உதவும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இந்தப் பின்னணியில் நாட்டுப்புற ஆட்டத்தை வைத்தே பல சோதனைகள் நடந்திருக்கின்றன. கிரேக்க மரபு ஆட்டத்தை முதியவர்கள் 10 வாரம் ஆடியதில் நின்ற நிலையிலும் அசைவிலும் சமநிலை கூடியது. துருக்கியில் 65 வயது தாண்டிய பெண்கள் 8 வாரம் நாட்டுப்புற ஆட்டம் ஆடியதில் சமநிலையும் நடைத்திறனும் மேம்பட்டன. இத்தாலியில் பார்க்கின்சன் நோயாளிகள் ஆறு மாதம் அயர்லாந்துக் குழு ஆட்டம் ஆடி நன்மை கண்டார்கள். எல்லாமே சின்னக் குழுக்களை வைத்துச் செய்தவை, ஆனாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டத்தில் தொடங்குவது நல்லது. வேகச் சுழற்சியும் குதியும் வேண்டாம். பக்கத்தில் கைப்பிடியோ நாற்காலியோ இருக்கட்டும்.

ஆடாதபோதும், படுக்கையில் புரண்டாலே சுற்றுகிறது. இது ஆட்டத்தால் வந்ததா?

பெரும்பாலும் இல்லை. படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது ஒரு நிமிடத்துக்குள் வந்து போகும் சுற்றல் என்றால், உட்செவிப் பையில் இருக்க வேண்டிய சிறு சுண்ணத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டதால் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரோ பழகிய பிசியோதெரபிஸ்டோ தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அந்தத் துகள்களை வெளியே கொண்டுவருவார்கள், பல பேருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். சுற்றலோடு பேச்சுக் குழறுவது, முகம் கோணுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, திடீரென்று காது கேட்காமல் போவது இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.